வீட்டு ஹைஃபை: முடிந்துபோன பொழுதுபோக்கா, மூச்சு இருக்கிறதா?

வாசகர் கேள்வி, 2 நவம்பர் 2025

"வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் வைத்துத் தரமாகப் பாட்டுக் கேட்கும் ஹைஃபை, எங்கள் அப்பா தலைமுறையோடு முடிந்துவிட்டது. கடைகளை மூடிவிட்டார்கள். பெரிய பெயர்கள் எல்லாம் கைமாறிவிட்டன. என் மகன் பாட்டை செல்பேசியிலேயே கேட்கிறான். லட்சக்கணக்கில் கொட்டி ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறீர்களா?"

2 நவம்பர், இரவு

இருக்கிறோம் ஐயா. ஒரே மூச்சில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டீர்கள். கடைகள் மூடியது உண்மை. பெயர்கள் கைமாறியதும் உண்மை. மகன் செல்பேசியில் கேட்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த வயதில் நான் பேட்டரி போட்ட டிரான்சிஸ்டரில்தான் கேட்டேன். அதில் கேட்ட பாட்டு மனத்தில் ஒட்டிக்கொண்டதால்தான் பிறகு நல்ல ஸ்பீக்கரைத் தேடிப் போனேன்.

3 நவம்பர்

கைமாறிய கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

டெனான், மராண்ட்ஸ், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், போல்க் என்ற புகழ்பெற்ற ஆடியோ பெயர்கள் எல்லாம் சவுண்ட் யுனைடெட் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தன. 2022-இல் அதை வாங்கியது மாசிமோ. விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் மருத்துவக் கருவிகள் செய்கிறவர்கள். கொடுத்த விலை 100 கோடி டாலருக்குச் சற்று மேல். மூன்றே ஆண்டுகளில், 2025-இல், அதே சொத்தை 35 கோடி டாலருக்கு ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். ஹார்மன் 2017 முதல் சாம்சங் கையில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் பேர்போன மக்இன்டாஷும் ஸ்பீக்கருக்குப் பேர்போன சோனஸ் ஃபேபரும் 2024 நவம்பரில் போஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன.

இதைப் படித்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் வாங்கியவர்களுக்கு இந்தப் பெயர்களால் என்ன லாபம் என்று பாருங்கள். பிஎம்டபிள்யூ காருக்குள் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஸ்பீக்கர் இருக்கிறது. லெக்சஸில் ஹார்மனின் மார்க் லெவின்சன், மசெராட்டியில் சோனஸ் ஃபேபர், ஜீப்பின் பெரிய வண்டிகளில் மக்இன்டாஷ். வரவேற்பறையில் சம்பாதித்த நற்பெயர் இப்போது கார் விற்கப் பயன்படுகிறது. பணம் புழங்கும் இடம் அதுதான். வீட்டுக்கான பெட்டிகளைத் தொடர்ந்து செய்வார்கள். ஆனால் அதைச் செய்வது வீட்டில் கேட்கிறவனை நினைத்து இருக்குமா? எனக்கு உள்ள பெரிய கவலை இது ஒன்றுதான்.

3 நவம்பர், சற்று நேரம் கழித்து

ஒருவர் "அப்படியானால் சின்னக் கம்பெனிகள்?" என்று கேட்கிறார். அவை பிழைத்துக்கொள்ளும். நிறுவியவர் உயிரோடும் பட்டறையிலும் இருக்கும் கம்பெனிகளை யாரும் எளிதில் விழுங்குவதில்லை. நிறுவியவர் போன பிறகுதான் சோதனை.

5 நவம்பர்

கடைகளைப் பற்றி.

அண்ணா சாலையில் ஒரு ஷோரூம் இருந்தது. பெயர் வேண்டாம். கல்லூரி நாட்களில் ரப்பர் செருப்போடு உள்ளே போனால் விற்பனையாளர் தலை நிமிர மாட்டார். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னால், "வாங்கப் போகிறீர்களா?" என்று முதலில் கேட்பார். நின்றுகொண்டே, வேறு யாரோ கேட்கும் இசையை ஓரத்திலிருந்து கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கடை இப்போது இல்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்கும் வசதியும் சேர்ந்து போய்விட்டது. அதற்காக மிகவும் வருந்துகிறேன்.

காலியானது நடுவிடம். ஒரு மாதச் சம்பளம், இரண்டு மாதச் சம்பளம் என்று சேர்த்து வைத்து நல்ல ஸ்டீரியோ வாங்கிய அரசு ஊழியர், ஆசிரியர், மில் மேற்பார்வையாளர். அவர்களுக்காகத்தான் கொல்கத்தாவில் 1970-இல் தொடங்கிய சோனோடைன் போன்றவர்கள் பெட்டி செய்தார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம் அது. வெளிநாட்டுச் செட் வேண்டுமென்றால் பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும், அல்லது துபாயிலிருந்து மாமா வர வேண்டும். இன்று அதே வருமானக்காரர் டிவிக்குக் கீழே ஒரு சவுண்ட்பார் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மேலே போனால், வீட்டு விலைக்கு ஸ்பீக்கர். கீழே போனால், சில ஆயிரத்துக்கு வியக்கவைக்கும் பொருட்கள். நடுவில் ஆள் இல்லை.

5 நவம்பர்

இசைத்தட்டு விற்பனை ஏறுவதைக் காட்டி "பார், பிழைத்துவிட்டது" என்று எழுதியவருக்கு: ஏறுவது உண்மை. அமெரிக்காவில் 2020-இல் வருமானத்திலும் 2022-இல் எண்ணிக்கையிலும் எல்பி இசைத்தட்டு சிடியை முந்தியது. 2022-இல் எல்பி சுமார் 4.1 கோடி, சிடி 3.3 கோடி. 1987-க்குப் பிறகு அப்படி நடந்ததே இல்லை. ஆனால் அதை வாங்குகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் பிளேயரே இல்லை என்று இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லூமினேட் நிறுவனம் 2023-இல் கண்டது. அட்டைப்படத்துக்காக, பாடகர் மேல் உள்ள பாசத்துக்காக வாங்குகிறார்கள். தவறில்லை. அது ஹைஃபை பிழைத்ததற்குச் சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

டெக்னிக்ஸ் கதையைச் சாட்சியாக ஏற்றுக்கொள்கிறேன். அவர்களுடைய எஸ்எல்-1200 டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி, 1972-இல் வந்தது. 2010-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அச்சுகள் தேய்ந்து போயிருந்தன, சந்தையும் சுருங்கியிருந்தது. 2016-இல் மோட்டாரைப் புதிதாக வடிவமைத்து மறுபடியும் கொண்டுவந்தார்கள். பெரிய கம்பெனி ஒன்று மூடிய வரிசையைத் திறந்து, அதில் பொறியியல் உழைப்பைக் கொட்டியிருக்கிறது. வாங்க ஆள் இல்லாமல் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

8 நவம்பர்

இந்தப் பொழுதுபோக்கைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு, 2007-இலேயே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். ஜே. கார்டன் ஹோல்ட். 1962-இல் ஸ்டீரியோஃபைல் இதழைத் தொடங்கியவர். காதால் கேட்டு விமர்சனம் எழுதும் வழக்கத்துக்கே தந்தை. ஆடியோ தன் கையாலேயே செத்துக்கொண்டிருக்கிறது என்றார். எந்தக் கருவி ஒலிக்கிறது என்று தெரியாமல் மறைத்துவைத்துக் கேட்கும் சோதனைக்கு உட்பட 1980-களில் மறுத்தபோதே உயர்தர ஆடியோ நம்பகத்தன்மையை இழந்துவிட்டது என்பது அவர் வாதம்.

நான் அந்த வாதத்தின் பக்கம். ஒரு மீட்டர் கேபிளை லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டு, "உங்கள் காதுக்குத்தான் கேட்கவில்லை" என்று வாங்கியவனையே குற்றம் சொன்னார்கள். ஒருமுறை ஏமாந்தவன் திரும்பி வரவில்லை. அவன் பிள்ளையையும் அழைத்துவரவில்லை.

மொபைல் ஃபிடெலிட்டி என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் விவகாரம் தெரியாதவர்களுக்காக: அசல் அனலாக் நாடாவிலிருந்து நேரடியாக வெட்டிய தட்டுகள் என்று எல்லோரும் நம்பி 100 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். இடையில் டிஜிட்டல் பதிவு ஒன்று இருந்தது 2022 கோடையில் வெளியே வந்தது. வழக்கு, இழப்பீடு என்று போய் முடிந்தது. டிஜிட்டல் வாடையே ஆகாது என்று பல ஆண்டுகளாக எழுதியவர்கள் அந்தத் தட்டுகளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருந்தார்கள்.

9 நவம்பர்

நேற்று எழுதியதை இரவு முழுக்க யோசித்தேன். அந்தத் தட்டுகள் நன்றாக இருந்தன என்பதும் உண்மைதானே. நல்ல நாடாவை நல்ல பொறியாளர் கவனமாக மாற்றினால், இடையில் டிஜிட்டல் இருந்தாலும் இனிமை குறையவில்லை. மக்களைக் காயப்படுத்தியது ஒலி இல்லை, சொல்லாமல் மறைத்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், ஹைஃபை ஏமாற்று வேலை என்ற முடிவுக்கு யாரும் போக வேண்டியதில்லை. நல்ல ஒலி நிஜம். அதைச் சுற்றிக் கட்டிய கதைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

15 நவம்பர்

"இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாசாரம், நமக்கு என்ன சம்பந்தம்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, நம் ஊர்த் தெருமுனை மெக்கானிக் அண்ணன்களை மறந்துவிட்டீர்கள்.

4440 என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் சிரிப்பார்கள். சான்யோ செய்த எல்ஏ4440 ஐசி. ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜ் செய்தால் 19 வாட். அதைப் போர்டில் ஏற்றி, ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் தகரப் பெட்டியும் போட்டால் ஆம்ப்ளிஃபயர். தமிழ்நாட்டில் எத்தனை டீக்கடை, எத்தனை சலூன், எத்தனை வீட்டுக் கூடம் இதில் பாடியிருக்கும்! கொஞ்சம் வசதி வந்தவர்கள் எஸ்டிகே ஐசிக்கு மாறினார்கள். சென்னை ரிச்சி தெருவில் பாகங்களைப் பொறுக்கி வந்து, சால்டரிங் புகையில் கண் எரிய எரிய உட்கார்ந்து, முதல் தடவை 'ஹம்' என்ற மின் இரைச்சல் இல்லாமல் பாட்டு வந்ததும் அண்ணன் முகத்தில் வரும் மலர்ச்சி இருக்கிறதே, அதுதான் ஹைஃபை. விலைப்பட்டியலில் அதற்கு இடமில்லை.

அந்த வழி அடைபடவில்லை. இன்று டிபிஏ3116 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி ஏற்றிய போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 4440-இன் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத சுத்தம், சூடும் குறைவு. உலகின் மறுமுனையில், பாஸ் லேப்ஸ் என்ற மிக விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயர் கம்பெனியை நிறுவிய நெல்சன் பாஸ், தன் வடிவமைப்புகள் பலவற்றின் சுற்றுப்படத்தை விளக்கத்தோடு பொதுவில் வைத்திருக்கிறார். வீட்டில் செய்துபார்க்கும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். விற்கிறவரே கற்றும் கொடுக்கிறார். ஒரு தொழிலுக்கு இதைவிட நல்ல ஆயுள் மருந்து எனக்குத் தெரியவில்லை.

16 நவம்பர்

ஸ்பீக்கர் ரிப்பேர் பற்றிக் கேட்டவர்களுக்கு, நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஊஃபர் என்பது கீழ் ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர். பழைய ஊஃபரின் ஓரத்தில் வளையமாக ஃபோம் இருக்கும். நம் கடலோர ஈரத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். விரல் வைத்தால் கறுப்புப் பிசினாக ஒட்டும். பலர் ஸ்பீக்கரே போய்விட்டது என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். போகவில்லை. கூம்பு வடிவக் கோனும், காந்தமும், அதை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலும் நன்றாகவே இருக்கும்.

நான் போகும் பட்டறையில் பெரியவர் முதலில் பழைய பிசினை ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டி எடுப்பார். அவசரமே கிடையாது. பிறகு நடுவில் உள்ள மூடியைப் பிளேடால் வட்டமாக அறுத்துத் திறப்பார். உள்ளே வாய்ஸ் காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி. பழைய எக்ஸ்ரே படத்தைச் சிறு பட்டைகளாக வெட்டி, நான்கு பக்கமும் அதில் செருகுவார். இப்போது காயில் அசையாமல் நட்டநடுவில் நிற்கும். அதன் பிறகே புதிய வளையத்துக்குப் பசை. ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் பட்டைகளை உருவிவிட்டு, கோனை இரண்டு கையாலும் மெல்ல அழுத்திப் பார்ப்பார். உரசல் சத்தம் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

அவருக்குச் சோறு போடுவது என் போன்ற ஆட்கள் அல்ல. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போகும் மைக் செட்காரர்கள்தான். பங்குனி, சித்திரையில் காயில் எரிந்த ஸ்பீக்கர்கள் வாசல்வரை அடுக்கி இருக்கும். அந்த வருமானத்தில் அவர் கைத்தொழில் நிற்கிறது. அதன் நிழலில் எங்கள் ஹைஃபை பெட்டிகளும் பிழைக்கின்றன. அமெரிக்காவில் பெட்டியைக் கூரியரில் கட்டி அனுப்பிக் காத்திருக்க வேண்டிய வேலை, இங்கே பஸ்ஸில் போய் முடித்துவரும் தூரத்தில் இருக்கிறது.

16 நவம்பர்

பட்டறை முகவரி கேட்கிறார்கள். இங்கே போட மாட்டேன், அவரைக் கேட்காமல் போடுவது முறையில்லை. உங்கள் ஊர் மைக் செட்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

22 நவம்பர்

வர்ஜீனியாவின் கென் ஃபிரிட்ஸ் பற்றிய செய்தியை ஒருவர் நினைவுபடுத்தினார். வாழ்நாள் முழுக்க உழைத்து, மனித உயரத்தைத் தாண்டிய ஸ்பீக்கர்களைத் தானே செய்து, அவற்றுக்காகவே ஓர் அறையைக் கட்டியவர். மதிப்பு சுமார் 10 லட்சம் டாலர் என்றார்கள். பிள்ளைகளும் அந்த வேலையில் இழுக்கப்பட்டார்கள். ஒரு மகனோடு உறவே முறிந்தது. அவர் 2022-இல் இறந்தார். பிறகு எல்லாவற்றையும் பிரித்து விற்றபோது கிடைத்தது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர்.

விலை சரிந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது அந்தப் பிள்ளைகள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டிய சாதனம், வீட்டாரைக் காவு கேட்கும் அளவுக்குப் போகக் கூடாது. அடுத்த தலைமுறை ஏன் வரவில்லை என்று கேட்கும் நாம், "தொடாதே, ஊசி போய்விடும்" என்று எத்தனை முறை பிள்ளைகளை விரட்டியிருக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். என் மகளுக்கு எட்டு வயதானபோதே ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மைத் தூக்கிவைக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரு தட்டில் கீறல் விழுந்தது. அந்தக் கீறலோடுதான் அதை இன்னும் கேட்கிறோம்.

24 நவம்பர்

ஸ்பாட்டிஃபை பற்றி: 2021-இல் சொன்ன தரம் குறையாத ஒலியை ஒருவழியாக 2025-இல் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆப்பிள் 2021-இலேயே கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுத்துவிட்டது. சிடியின் அதே தரம் இப்போது மாதச் சந்தாவுக்குள் வீட்டுக்கு வருகிறது. மூலப் பதிவின் தரம் இனி யாருக்கும் தடையில்லை. மீதி ஸ்பீக்கரிலும் அறையிலும் இருக்கிறது.

7 டிசம்பர்

அறையைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். இங்கே நடந்த பேச்சில் இது போதிய அளவு வரவில்லை.

நம் வீடுகள் மொசைக் அல்லது டைல்ஸ் தரை, சிமென்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'ட்ரீங்' என்று ஒரு வால் நீளும். அந்த வால் ஒவ்வொரு சுரத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. பத்து லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயராலும் அதை நீக்க முடியாது. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுருட்டி ஸ்பீக்கருக்குப் பின்மூலையில் நிறுத்துங்கள், தரையில் தடித்த ஜமுக்காளம் விரியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். மறுபடி தட்டுங்கள். வால் சுருங்கியிருக்கும். இந்த மாற்றம் எந்தக் கேபிள் மாற்றத்தையும்விடப் பெரியது. யாரையும் கண்ணைக் கட்டிக் கேட்கவைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று மின்விசிறி. வெளிநாட்டு இதழ் எதிலும் இதைப் பற்றிப் படித்ததில்லை. சென்னையில் பத்து மாதம் விசிறி இல்லாமல் உட்கார முடியாது. விசிறி ஓடினால் தம்புராவின் மெல்லிய ரீங்காரம் அந்த இரைச்சலுக்குள் கரைந்துவிடுகிறது. மெல்லிய இடங்கள் போனதும் நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம். கூட்டினால் காது சோர்கிறது. அரைமணியில் எழுந்துவிடுகிறோம்.

அதனால் எனக்கு ஹைஃபை பருவம் என்பது மார்கழி. விசிறியை நிறுத்திவிட்டு உட்காரலாம். சபாவில் நேராகக் கேட்டுவிட்டு அதே இரவில் வீட்டிலும் கேட்பதால், காதுக்கு அளவுகோல் புதிதாக இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி என்னும் இடது பக்கத்தில் உள்ளங்கை அழுத்தி நகரும்போது கும்கி என்ற ஓசை எழும், அடிவயிற்றில் வளைந்து ஏறும். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அதை 'தொம்' என்று ஒரே அடியாகத் தட்டையாக்கிவிடும். வளைவு காதில் விழுந்தால் அந்த ஸ்பீக்கரை நம்பலாம். எந்த விமர்சகரின் நட்சத்திரத்தையும்விட எனக்கு அதுதான் சோதனை.

8 டிசம்பர்

"சபாவிலேயே மைக் வைத்துத்தானே கேட்கிறோம், அது எப்படி அளவுகோல்?" என்று சரியாக மடக்கியிருக்கிறார் ஒருவர். ஆமாம், பெரிய சபாக்களில் ஒலிபெருக்கிதான், அதுவும் பல நேரம் கடூரமாக. அதனால்தான் வீட்டுக் கச்சேரியும் கோயில் நாகஸ்வரமும் வேண்டும். மைக் இல்லாமல் பிராகாரத்தில் நாகஸ்வரம் கேட்டவருக்கு, ஸ்பீக்கரில் வருவது எவ்வளவு சின்னது என்று தெரியும். அந்தப் பசி இருக்கும்வரை யாராவது ஒருவர் நல்ல ஸ்பீக்கரைத் தேடிக்கொண்டே இருப்பார்.

14 டிசம்பர்

மியூனிக்கில் நடந்துவந்த ஹை எண்ட் ஆடியோ கண்காட்சியை 2026 முதல் வியன்னாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மூட்டை கட்டுகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். இல்லை, இடம் மாறுகிறார்கள். 2004 முதல் ஒரே வளாகத்தில் நடந்தது. ஆள் இல்லாத கண்காட்சிக்கு இன்னொரு நாட்டில் அரங்கம் பிடிக்க மாட்டார்கள்.

ஆனால் அங்கே கூடும் தலைகளில் நரை அதிகம் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். இளம் தலைகள் வேறிடத்தில் இருக்கின்றன. இயர்போனில். சென்னையிலிருந்தே இயங்கும் ஹெட்போன் ஜோன் விற்கும் பொருட்களைப் பாருங்கள். வாங்கியவர்கள் எழுதும் குறிப்புகளைப் படியுங்கள். இருபது வயதுப் பிள்ளைகள் அலைவரிசை வரைபடத்தை வைத்துக்கொண்டு, மூன்று கிலோஹெர்ட்ஸில் மேடு இருக்கிறது, குரல் முன்னே வருகிறது என்று வாதாடுகிறார்கள். இரண்டாயிரம் ரூபாய்ச் சீன இயர்போனுக்கு இவ்வளவு உன்னிப்பு! எங்கள் காலத்தில் லட்ச ரூபாய்ச் செட்டுக்குக்கூட இப்படி அளந்து பேசவில்லை. ஹோல்ட் கேட்ட நேர்மை இவர்களிடம் இருக்கிறது. அளவு எங்கே, காட்டு என்கிறார்கள். இவர்கள் வாரிசு இல்லையென்றால் வேறு யார்?

14 டிசம்பர், இரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இயர்போனில் கேட்பது தனியாகக் கேட்பது. நான்கு பேர் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து 'ஆஹா' சொல்வது அதில் இல்லை. காது தேறிவிட்டது, கூடம் இன்னும் தேறவில்லை. வீடுகள் சுருங்கும்போது, வாடகை வீட்டில் பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டும்போது, இது எளிதல்ல. எளிதல்ல என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

20 டிசம்பர்

திருச்சியிலிருந்து எழுதிய தம்பிக்கு. பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, இயர்போன் போதும் என்று இருந்தேன், அம்மாவும் கேட்க வேண்டும் என்று ஆசை, என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதிய சவுண்ட்பார் வேண்டாம். பழைய இரண்டு புத்தக அலமாரி ஸ்பீக்கர்களைத் தேடுங்கள், ஓரத்தில் ஃபோம் இல்லாமல் ரப்பர் இருப்பதாக. வாங்குமுன் கோனை மெல்ல அழுத்தி உரசல் இருக்கிறதா என்று பாருங்கள். டிபிஏ3116 போர்டு போட்ட சிறு ஆம்ப்ளிஃபயர் போதும், நல்ல அடாப்டர் முக்கியம். செல்பேசியோடு ஒயரில் இணையுங்கள். பெட்டிகளைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது முன்னே இழுத்து, மேல் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் அம்மாவின் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டூல் மேல் வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் அம்மா நாற்காலிக்கும் இடையே தூரம் சமமாக இருக்கட்டும். ஒயரின் சிவப்பு, கறுப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு பக்கம் மாறினால் குரல் நடுவில் நிற்காது, பேஸ் என்ற கீழ் ஒலி காணாமல் போகும்.

அம்மாவுக்குப் பிடித்த பாட்டை முதலில் போடுங்கள், உங்களுக்குப் பிடித்ததை அப்புறம். குரல் எங்கிருந்து வருகிறது என்று அவரைக் கேளுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் கை காட்டினார் என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் பெட்டிகளின் படத்தை இங்கே போடுங்கள், எதை நகர்த்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.